ஜெயித்த பிறகு மாலை போடுவதற்குப் பெயர் உதவி அல்ல

இது கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் லைக் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் அப்படித்தான் இருந்தீர்கள்.

சென்ற வாரம் இங்கே ஒரு உதவி கேட்டு எழுதியிருந்தேன். என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒரு பெண், விஸ்காம் முடித்துவிட்டு இப்போது சென்னையில் எடிட்டிங் வேலை பார்க்கிறாள். மன்னார் வளைகுடாவில் கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஒரு ஆவணப்படம் இயக்க வேண்டும் என்பது அவள் ஆசை. கடல், மலை, காடு என்று போய்ப் படம் எடுக்கும் பெண்களுக்கு எங்கே நிதி கிடைக்கும் என்று கேட்டிருந்தேன்.

அதற்குக் கீழே என் அண்ணன் மகன் எழுதியிருந்தான்: "அத்தை, திறமை இருந்தா பணம் தானா தேடி வரும். படம் எடுக்குறதுல ஆம்பளை என்ன, பொம்பளை என்ன? பொண்ணுங்கிறதுக்காகத் தனியா ஃபண்டு கேக்குறது அவங்களுக்கே கேவலம்." அதற்குப் பதினான்கு பேர் ஹார்ட் விட்டிருந்தீர்கள். அதில் ஒன்பது பேர் என் பிள்ளைகள். மருமகனுக்குச் சொல்லும் பதில் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் "திறமை இருந்தால் பணம் வரும்" என்பதை எடுத்துக்கொள்வோம்.

1956-இல் காமராஜர் ஆட்சியில் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட ஆரம்பித்தார்கள். "முதலில் பாஸ் பண்ணு, அப்புறம் சாப்பாடு" என்று யாராவது சொன்னார்களா? பசித்த வயிற்றோடு படிப்பு ஏறாது என்று தெரிந்துதானே முதலில் சோற்றைப் போட்டார்கள்? பதினோராம் வகுப்புப் பெண்ணுக்கு சைக்கிள் கொடுக்கும்போது "பன்னிரண்டில் முதல் மார்க் வாங்கிக் காட்டு" என்றா கேட்கிறோம்? 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. டிகிரி வாங்கிய பிறகு தருகிற பரிசா அது? படிக்கிற காலத்தில் கைக்கு வருகிறது. இந்தப் பதிவைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அந்த சைக்கிளில் போய்ப் படித்தவர்கள், அல்லது அப்படிப் படித்தவளைக் கட்டிக்கொண்டவர்கள். அப்போது கேவலமாக இல்லாதது இப்போது ஏன் கேவலமாக ஆனது?

முன்னால் கொடுப்பது உதவி. பின்னால் கொடுப்பது பாராட்டு. இரண்டும் வேண்டும், ஆனால் ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் சொல்கிறேன். முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமில் பொம்மனும் பெள்ளியும் ரகு என்ற யானைக்குட்டியை வளர்த்த கதையைக் கார்த்திகி கொன்சால்வ்ஸ் படமாக எடுத்தார். 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்'. ஊட்டியில் வளர்ந்தவர். ஏறத்தாழ ஐந்து வருட உழைப்பு. 2023 மார்ச்சில் ஆஸ்கர் கிடைத்தது. அதே மாதம் தமிழ்நாடு அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. யானைப் பாகர்களுக்கும் உதவியாளர்களுக்கும் ஆளுக்கு ஒரு லட்சம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு கோடி என்பது பத்துப் பெண்களுக்குத் தலைக்குப் பத்து லட்சம். ஆஸ்கர் வாங்கிய ஒருவருக்கு ஒரே நாளில் ஒரு கோடி கொடுக்க முடிந்த நமக்கு, இன்னும் கேமராவே வாடகைக்கு எடுக்காத பத்துப் பேருக்கு அதே தொகையைப் பிரித்துக் கொடுக்க ஒரு திட்டம் இல்லை. ஆஸ்கர் வாங்கியவருக்கு அடுத்த படத்துக்குப் பணம் கொடுக்க உலகமே வரிசையில் நிற்கும். யாரும் பெயர் கேள்விப்படாத ராமநாதபுரத்துப் பெண்ணுக்கு யார் நிற்பார்கள்?

அடுத்து, "செல்போனில் எடுக்க வேண்டியதுதானே?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள்.

கல்யாண வீட்டில் எடுக்கலாம். கடலுக்கடியில் எடுக்க முடியாது. பாசி எடுக்கும் பெண்கள் விடிவதற்கு முன்பே வத்தையில் கிளம்பித் தீவுப் பக்கம் போகிறார்கள். பாறையும் பவளமும் கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி முங்குகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று கை தடவியே தரம் பிரிப்பார்கள். நோன்பு நேரத்தில் நாம் கடற்பாசி என்று காய்ச்சிக் குடிக்கிறோமே, அந்த அகர் அகர் இந்தப் பாசிகளிலிருந்து வருவது. 1986-இல் அந்த 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவில் சேர்ந்த பிறகு, பரம்பரையாகப் போன இடத்துக்கே பயந்து பயந்து போக வேண்டிய நிலை. ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் இத்தனை வருடமாகக் கடலுக்குள் போகிறவர்கள் அவர்கள். இதைவிடப் பெரிய சாகசம் எது? ஆனால் பாறாங்கல் மேல் ஏறும் வெள்ளைக்காரரைக் காட்டினால்தான் நமக்கு அது சாகசப் படம். நம் ஊர்ப் பெண் முங்கினால் அது 'வாழ்வாதாரப் பிரச்சினை'.

என் மாணவி எனக்கு பட்ஜெட் அனுப்பியிருக்கிறாள். மொத்தம் ஒன்பது லட்சத்துச் சொச்சம். கேமராவைத் தண்ணீருக்குள் கொண்டுபோக ஹவுசிங் என்கிற நீர் புகாத பெட்டி வேண்டும், அதற்கு நாள் வாடகை. படகு, டீசல். அவளுக்கும் ஒளிப்பதிவு செய்யும் பெண்ணுக்கும் முறையான டைவிங் பயிற்சி. ஒலிப்பதிவுக்கு ஒருவர். இன்ஷூரன்ஸ். கடல் கலங்கிவிட்டால் தண்ணீருக்குள் ஒன்றும் தெரியாது, ஒரு வாரம் சும்மா காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவும் தங்கும் செலவும் உண்டு. இன்னொரு வரியும் போட்டிருந்தாள்: படப்பிடிப்பு நாட்களில் அந்தப் பெண்கள் இழக்கும் வருமானத்துக்கு ஈடு. அந்த வரியைப் பார்த்ததும் இந்தப் பிள்ளை சரியாகத்தான் யோசிக்கிறாள் என்று தோன்றியது. பொம்மனும் பெள்ளியும் பிறகு படக்குழுமீது குறை சொன்னதும், படக்குழு அதை மறுத்ததும் செய்தியில் வந்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் படத்தில் வருபவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள, கையில் பணம் இருக்க வேண்டும்.

இனி முக்கியமான கேள்வி. "பெண்ணுக்கு ஏன் தனியாக?"

மலை, காடு, கடல் என்று வந்துவிட்டால் பெண்ணை வாசலிலேயே நிறுத்துவது பழைய பழக்கம். அமெரிக்காவில் ஆர்லீன் பிளம் என்று ஒரு விஞ்ஞானி, மலையேறுபவர். அலாஸ்காவில் டெனாலி மலை ஏறப் போகும் ஒரு குழுவில் சேரக் கேட்டபோது, பெண்கள் அடிவார முகாம் வரை வரலாம், சமையலுக்கு உதவியாக இருக்கலாம் என்று பதில் வந்தது. 1970-இல் அவர்களே பெண்கள் குழுவாகச் சேர்ந்து டெனாலியில் ஏறினார்கள். 1978-இல் பதின்மூன்று பெண்கள் நேபாளத்தின் அன்னபூர்ணாவுக்குக் கிளம்பினார்கள். 8,091 மீட்டர். பணத்துக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? டி-ஷர்ட் விற்றார்கள். "பெண்ணின் இடம் உச்சியில்" என்று அதில் அச்சடித்திருந்தது. பெண்ணின் இடம் அடுப்படி என்று சொன்னவர்களுக்குப் பதில். அக்டோபர் 15 அன்று இரண்டு பெண்கள் இரண்டு ஷெர்பாக்களோடு உச்சியைத் தொட்டார்கள். இரண்டு நாள் கழித்து வேறு இரண்டு பெண்கள் மலையில் இறந்துபோனார்கள். அந்தக் குழுவோடு கேமரா தூக்கிப் போய்ப் படம் எடுத்தவர்களும் பெண்கள்தான், டயானா டெய்லரும் மேரி ஆஷ்டனும். அவர்களுக்குத் திறமை இல்லையா மருமகனே? திறமை இருந்தும் பணம் தேடி வரவில்லை. பனியன் விற்றுத்தான் பணம் வந்தது.

பெண் இயக்கினால் என்ன வித்தியாசம் என்றும் கேட்டிருந்தீர்கள். எவரெஸ்ட் பற்றி எத்தனையோ படங்கள் உண்டு. ஏறுகிறவரின் முகத்தைத்தான் பெரும்பாலும் காட்டும். ஆஸ்திரேலியாவின் ஜெனிஃபர் பீடம் 2015-இல் வெளியிட்ட 'ஷெர்பா' படம் மூட்டை சுமப்பவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பியது. 2014 ஏப்ரல் 18-இல் பனிச்சரிவில் பதினாறு மலைத் தொழிலாளிகள் இறந்தபோது அவர் குழு அங்கே இருந்தது. இதை ஆணும் செய்யலாம்தான். ஆனால் ஓரமாக நிறுத்தப்பட்டவருக்கு ஓரமாக நிற்பவர்கள் சீக்கிரம் கண்ணில் படுவார்கள்.

நம் ஊரிலேயே பாருங்கள். திண்டுக்கல்லில் பிறந்த உமா மணி ஒரு குடும்பத் தலைவி. 49 வயதில் நீச்சலும் ஸ்கூபா டைவிங்கும் கற்றுக்கொண்டு, பவளப் பாறைகளைக் கண்ணால் பார்த்து ஓவியம் வரைந்தார். அவரைப் பற்றிப் பிரியா துவசேரி 2019-இல் 'கோரல் வுமன்' என்ற படம் எடுத்தார். 49 வயது அம்மா கடலுக்குள் இறங்கியதை யாராவது நமக்குச் சொல்லியிருந்தால், "இந்த வயசுல இது தேவையா?" என்று கேட்டுவிட்டு சீரியல் பார்க்கப் போயிருப்போம். அதில் ஒரு படம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு இயக்குநர் வேண்டியிருந்தது.

பாசி எடுக்கும் பெண்களிடம் வருவோம். நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நிற்கும்போது மாதவிடாய்க்கு என்ன செய்கிறார்கள், கர்ப்பத்தில் எத்தனை மாதம் வரை முங்கினார்கள், வீட்டில் அடி வாங்கிய மறுநாள் எப்படிக் கடலுக்குப் போனார்கள் என்பதை ஒரு ஆண் கேமராமேனிடம் சொல்வார்களா? இந்தப் பிள்ளை அவர்கள் வீட்டிலேயே பாய் விரித்துப் படுக்கலாம், நாலு நாள் சமைத்துக் கொடுத்துப் பேசலாம். இந்த ஒரு காரணமே போதும்.

வெளிநாட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். அமெரிக்காவில் டெலுரைட் ஊரில் நடக்கும் மவுண்டன்ஃபிலிம் விழா, எடுக்கப்படும் நிலையிலுள்ள படங்களுக்கு 5,000 டாலர் வரை உதவித்தொகை கொடுத்து வந்திருக்கிறது. நேஷனல் ஜியாகிரஃபிக் சொசைட்டி தொடக்கநிலையில் 20,000 டாலர் வரை என்று அறிவித்து, எந்த நாட்டினரும் விண்ணப்பிக்கலாம் என்று வைத்திருந்தது. இவை இருபாலருக்கும் பொது. பெண்களுக்கென்று நோ மேன்ஸ் லேண்ட் என்ற சாகசப் பட விழா 2015-இல் கொலராடோவில் தொடங்கியது. பிரிட்டனில் மலையேற்றக் கவுன்சில் பெண்களுக்கான சாகசப் படப் போட்டி நடத்தியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் விழாவும் போட்டியும் படம் எடுத்து முடித்தவளுக்கு. எடுக்கப் போகிறவளுக்குப் பணம் என்று பார்த்தால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடுகிறது.

இன்னொரு சுவர் இங்கிலீஷ். விண்ணப்பத்தில் ட்ரீட்மென்ட் எழுது, பட்ஜெட் போடு, ஏற்கெனவே எடுத்ததைக் காட்டு என்கிறார்கள். அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்த பிள்ளை கடலுக்குள் பயமில்லாமல் இறங்கிவிடுவாள், இந்தப் படிவத்தில் இறங்க நடுங்குகிறாள். அப்படியானால் யாருக்குக் கிடைக்கும்? நல்ல இங்கிலீஷ் எழுதுகிறவளுக்கு. அது படம் எடுக்கும் திறமைக்கான பரீட்சை இல்லை. வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் வேறு இருக்கிறது, ஆடிட்டரைக் கேட்காமல் தொடவும் கூடாது.

சரி, பக்கத்து வீட்டைப் பார்ப்போம். கேரள அரசு திரைப்பட வளர்ச்சிக் கழகம் வழியாகப் பெண் இயக்குநர்களின் படத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை கொடுத்துத் தயாரிக்கும் திட்டத்தை 2019-இல் கொண்டுவந்தது. 'நிஷித்தோ', 'டிவோர்ஸ்', 'பி 32 முதல் 44 வரே', 'நிளா', 'விக்டோரியா' எல்லாம் அந்தத் திட்டத்தில் வந்த படங்கள். தாமதம், இழுத்தடிப்பு என்று அதில் படம் எடுத்த சிலரே வெளிப்படையாகக் குறை சொன்னதும் உண்டு. திட்டம் இருந்தால்தானே குறை சொல்ல முடியும்? நாம் எதைக் குறை சொல்வது?

2025 ஆகஸ்டில் அங்கே நடந்த திரைப்படக் கொள்கை மாநாட்டில் அடூர் கோபாலகிருஷ்ணன் பேசியது பெரிய சர்ச்சையானது. ஒன்றரைக் கோடி அதிகம், ஐம்பது லட்சமாக மூன்று பேருக்குக் கொடுக்கலாம், பணம் கொடுக்கும் முன் பயிற்சி கொடுக்க வேண்டும், பெண் என்பதற்காக மட்டும் கொடுக்கக்கூடாது என்ற பொருளில் பேசினார். அவர் படங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவள், பயிற்சி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்களை இரண்டு வருடமும் நோட்ஸ் எழுத வைத்துவிட்டு விடவில்லை. நிஜமான பள்ளிக்கு அனுப்பி, நிஜமான பிள்ளைகள் முன்னால் நிறுத்தினார்கள். வகுப்பெடுத்துத்தான் வகுப்பெடுக்கக் கற்றோம். படமும் எடுத்துத்தான் கற்க முடியும். முதல் படம் எடுக்கும் ஆண்களிடம் தயாரிப்பாளர்கள் பயிற்சிச் சான்றிதழ் கேட்பதாக நான் கேள்விப்படவில்லை. பயிற்சி கொடுங்கள், தாராளமாக. பணத்தோடு சேர்த்துக் கொடுங்கள், பணத்துக்குத் தடையாக வைக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் குறைந்த செலவில் எடுத்த தரமான படங்களுக்கு அரசு மானியம் உண்டு. அது படம் வெளிவந்த பிறகு. பெண்களை உயர்வாகச் சித்தரிக்கும் படத்துக்கு மாநில விருதில் சிறப்புப் பரிசும் உண்டு. கவனியுங்கள், பெண்ணை உயர்வாகக் காட்டினால் பரிசு. காட்டுவது யார் என்று கேள்வி இல்லை.

என் மாணவி ஒரு தயாரிப்பாளரைப் பார்க்கப் போனாள். கதை பிடித்திருக்கிறதாம். "டைரக்ஷனுக்கு நம்ம பையன் ஒருத்தனைப் போடுறேன், நீ அசோசியேட்டா இரு. கடல் வேலையெல்லாம் உன்னால முடியாது" என்றாராம். இவள் பாம்பன் பக்கம் பிறந்தவள், நடக்கும் முன்பே நீந்தியவள். அந்தப் பையனுக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அந்தக் கேள்விக்காகவே அவளுக்கு நான் நூற்றுக்கு நூறு போடுவேன்.

சொந்தக்காரர்களின் கேள்வி ஒன்று பாக்கி. "பொம்பளைப் பிள்ளை, கடலு காடுன்னு போனா பாதுகாப்பு?" நியாயமான கவலை. ஆனால் எப்போது ஆபத்து என்று யோசியுங்கள். உயிர்காப்பு உடை இல்லாத ஓட்டைப் படகில், கூட ஆள் இல்லாமல், லாட்ஜுக்குக் காசில்லாமல் ராத்திரி பஸ்ஸில் கேமராப் பையைக் கட்டிப்பிடித்துத் தூங்கும்போது. நல்ல படகு, துணைக்கு இன்னொரு பெண், தாழ்ப்பாள் உள்ள அறை, இன்ஷூரன்ஸ், இவை எல்லாவற்றுக்கும் பெயர் பணம். பாதுகாப்பு வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பணம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் மண்டபத்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் எட்டு லட்சம் செலவழித்த குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. அந்தக் கல்யாண வீடியோவை அதற்குப் பிறகு எத்தனை முறை பார்த்தீர்கள்?

திட்டிக்கொண்டே இருந்தால் டீச்சர் வேலை முடியாது, வீட்டுப்பாடமும் கொடுக்க வேண்டும்.

அரசுக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். வருடத்துக்குப் பத்துப் பெண்கள், தலைக்குப் பத்து லட்சம். பாதிப் பணம் படப்பிடிப்புக்கு முன்பே. விண்ணப்பம் தமிழில். தரமணி அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் கேமராவும் ஒலிப்பதிவுக் கருவிகளும் இரவல் கொடுக்கும் ஏற்பாடு. வனத்துறை அனுமதி எத்தனை நாளில் கிடைக்கும் என்பதற்கு ஒரு கெடு. தேர்வுக் குழுவில் பாதியாவது பெண்கள். மொத்தச் செலவு ஒரு கோடி. ஏற்கெனவே ஒரே நாளில் கொடுத்த தொகைதான், புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் பெயரும் ஊரும் அனுப்புங்கள்.

கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு: 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கலை, பண்பாடு, சுற்றுச்சூழல் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மரக்கன்று நட்டு போட்டோ எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் வழியாகத்தான் கொடுக்க முடியும் என்றால், எந்த நிறுவனம் வழியாக என்று உங்கள் அலுவலகத்தில் விசாரித்துச் சொல்லுங்கள்.

இங்கிலீஷ் நன்றாக எழுதுகிறவர்களுக்கு: இந்தப் பிள்ளை தமிழில் எழுதிய பன்னிரண்டு பக்கத்தை மொழிபெயர்க்க இரண்டு பேர் வேண்டும். அவள் சொல்வதை அப்படியே கொண்டுவந்தால் போதும், நீங்கள் கதையைத் திருத்த வேண்டாம்.

கல்யாண வீடியோ எடுக்கும் பிள்ளைகள் மூன்று பேர் இங்கே இருக்கிறீர்கள். ஆடி மாதம் உங்கள் கேமராவும் லென்ஸும் சும்மாதான் இருக்கும். வாடகை இல்லாமல் பதினைந்து நாள் கொடுங்கள், பத்திரமாகத் திரும்பி வரும் என்று எழுதித் தருகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆறு பேர் பென்ஷனில் ஆளுக்குப் பத்தாயிரம் போட்டிருக்கிறோம். அறுபதாயிரம். ஒன்பது லட்சத்தில் அது படகுக்கும் டீசலுக்கும்தான் வரும். ஆனால் படகு கிளம்பினால்தான் மற்றதெல்லாம். இந்த மாதக் கடைசிக்குள் சேர விருப்பமுள்ளவர்கள் எழுதுங்கள். வரவு செலவு ரூபாய் வாரியாக இதே பக்கத்தில் போடுவேன், நான் கணக்கு டீச்சர்.

மருமகனே, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மொழிபெயர்ப்புக்கு உன் பெயரை முதலில் எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பன்னிரண்டு பக்கத்தை அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்